தங்கம் வெளுத்த மாதங்கள்

ஐயா,

நீங்கள் இருவரும் ரயிலேறிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம். நிவேதா சாப்பிட்டாளா, கால் வீங்குகிறதா, தூங்கினாளா என்று நான் கேட்கிறேன். நீ எல்லாவற்றுக்கும் நல்லா இருக்காம்மா என்கிறாய். கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்காமலே வைத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நான் பாதியில் அழுவேன். அதனால் எழுதுகிறேன். ஆபீசில் அவசரமாகப் பிரித்துப் படிக்காதே. வீட்டில் உட்கார்ந்து படி.

வளைகாப்பு முடிந்த மறுநாள் காலையில் நிவேதாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். அவள் சன்னல் பக்கம் திரும்பி நின்று முகத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சின்ன வெள்ளை டப்பாவை மூடிப் பைக்குள் போட்டாள். கூட வேலை பார்க்கும் பெண் கொடுத்தது அத்தை, கன்னத்துக் கறுப்புக்கு, என்றாள். டப்பாவின் மேல் ஓர் எழுத்தும் இல்லை. அந்த நிமிடம் என் நாக்கில் ஆணியை வாயில் வைத்தது போன்ற ஒரு சுவை வந்தது. முப்பது வருடமாக வராத சுவை. நல்லது தாயி என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அங்கேயே அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எறிந்திருந்தால் காரணம் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தக் காரணத்தை உன்னிடமே நான் இன்னும் சொல்லவில்லையே.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. உன் அப்பாவுக்கு நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சேரன்மகாதேவியில் கால்வாய்க் கரையை ஒட்டிய வாடகை வீட்டில் நாங்களும் என் மாமியாரும் இருந்தோம். எனக்குத் தாய் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆழ்வார்குறிச்சியில் உன் தாத்தா ஒற்றை ஆளாக இருந்ததால், பேறுகாலத்துக்கு நான் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. நீ வயிற்றில் ஐந்தாம் மாதம் இருக்கும்போது என் கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்தது. முதலில் தேநீர்க் கறைபோல இருந்தது. பிறகு அடர்ந்தது. ஒருநாள் சோறு வைக்கும்போது உன் அப்பா நிமிர்ந்து பார்த்து, "ஏளா, என்ன மொகம் இப்பிடிக் கரிச்சட்டியா ஆயிட்டு?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மோர் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, நீ அறிவாய். ஆனால் அந்த ஒரு வாக்கியம் அன்று முழுக்க வீட்டுக்குள் நடமாடியது. நான் பாத்திரம் கழுவினால் பக்கத்தில் நின்றது, படுத்தால் தலைமாட்டில் இருந்தது.

அந்த வாரம்தான் கோமதியக்கா வந்தாள். சாந்துப்பொட்டு, கொண்டை ஊசி, பவுடர், ரிப்பன் எல்லாம் ஒரு தகரப்பெட்டியில் வைத்து வீடு வீடாக விற்பவள். அவளுடைய முகம் மட்டும் வெள்ளைப்பூசணியின் உள்சதை போல இருக்கும். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் அவள் மாநிறம். முகத்தை வேறொருத்தியிடம் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தது போல இருக்கும். அவள் பெட்டியைத் திறக்கும்போது கை நடுங்கும், ஊசிகள் சிதறும், நான் பொறுக்கிக் கொடுப்பேன். மூக்குத்தி வெள்ளையாக மின்னும். வெள்ளி என்று நினைத்திருந்தேன். அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். யாரோ வெளியூரிலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னாள்.

"ஒரு மாசம் பூசு தாயி. அப்புறம் கண்ணாடியில நிக்கது யாருன்னு நீயே கேப்ப."

வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று கேட்டேன். மேலுக்குப் பூசுவது உள்ளே எப்படிப் போகும் என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தோலும் ஒரு வாசல்தான் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் மங்கு மறைந்தது. ஒன்றரை மாதத்தில் என் பழைய நிறமும் மறைந்தது. கால்வாய்ப் படித்துறையில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்பிள்ளை உண்டானால்தான் தாய்க்கு இந்தக் களை வரும் என்று ஒருத்தி சொன்னாள். உன் அப்பா ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வைக்காக முகத்தோடு கழுத்துக்கும் கைகளுக்கும் பூச ஆரம்பித்தேன். டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எல்லாரும் அதைத் தானாக வந்த அழகு என்று நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஒளித்தலுக்குத்தான் பிறகு விலை கொடுத்தோம்.

எட்டாம் மாதத்தில் நாக்கில் அந்த ஆணிச் சுவை வந்தது. பல் தேய்த்தால் ஈறில் இரத்தம். கோலம் போட்டால் இழை நேராக வராது, நெளியும். தூக்கம் போனது. அதைவிட விசித்திரமாக ஒன்று நடந்தது. எனக்கு ஆட்களைக் கண்டால் கூச்சம் வந்தது. கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. பால்காரர் மணி அடித்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுவேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் மறந்துபோகும். தவலைத் தண்ணீரில் என் முகம் தெரியும்போது, யாரோ ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள் என்று திரும்பிப் பின்னால் பார்ப்பேன். கோமதியக்கா சொன்னது அப்படியே நடந்தது. நிற்பது யார் என்று நானே கேட்டேன். முகமும் காலும் வீங்கின. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்றார்கள்.

பிறகு சங்கிலி வெளுத்தது. உன் தாத்தா கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலி. கழுத்தில் படும் இடமெல்லாம் ஈயம் பூசியதுபோல ஆகியிருந்ததை முதலில் பார்த்தவர் என் மாமியார். கலப்படத் தங்கம் போட்டு அனுப்பியிருக்கார் உங்க அப்பா என்றார். ஆள் விட்டுச் சொன்னதும் உன் தாத்தா பஸ் ஏறி வந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். மாமியாருக்கு முன்னால் தலைகுனிந்து நின்று, சங்கிலியைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரை நான் சன்னலில் நின்றேன். அவர் போய் ஒரு வாரத்தில் தாலி வெளுத்தது.

தாலி உன் அப்பா வீட்டார் செய்து போட்டது. இப்போது யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மாமியார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பூசையறைக்குள் போய் உட்கார்ந்தார். அவருக்கு மகனின் உயிரைப் பற்றிய பயம். அன்றிலிருந்து உன் அப்பா வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் தெருமுனை வரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து குறி சொல்லுகிற ஒருவரை வரவழைத்தார்கள். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கண்ணாடியைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"புள்ளப்பேத்துல செத்தவ ஒருத்தி இந்த வழியா வந்துட்டுப் போதா. மொதல்ல மொகத்த எடுத்துருக்கா. இப்பம் பொன்ன எடுக்கா. கடைசீல புள்ளைய எடுப்பா."

பீரோக் கண்ணாடிக்கு வேட்டி போட்டு மூடினார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்கள். தவலைகளுக்குத் தட்டு போட்டார்கள். எனக்குள் அவள் இருக்கிறாள் என்று நானும் நம்பினேன், ஐயா. படித்தவள்தான், பன்னிரண்டாம் வகுப்பு வரை. இருந்தும் நம்பினேன். என் கை என் கட்டளை கேட்கவில்லை, என் அழுகை என் அழுகையாக இல்லை, என் முகம் என் முகமாக இல்லை. வேறு என்ன நினைக்க முடியும்? அவள் எடுத்துக்கொண்ட முகத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று, கண்ணாடி இல்லாமல் கைத்தடவலாகவே, முன்னைவிட அதிகமாகப் பூசினேன்.

நீ பிறந்தாய். கைகால் சுகமாக, நல்ல எடையோடு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பதினாறாம் நாள் பேர் சூட்டும்போது உன் அப்பாவின் தம்பி உன் விரலில் பொட்டுப் போல ஒரு மோதிரம் போட்டார். வந்தவர்களில் யாரோ, தாய் இம்புட்டு வெளுப்பு, புள்ள ஏன் கறுப்பு என்று கேட்டார்கள். மறுநாள் குளிப்பாட்டித் துவட்டியபின், பயறளவு எடுத்து உன் இரண்டு கன்னத்திலும் தடவினேன். பன்னிரண்டு நாள் தடவினேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இருந்தேன். எழுதிவிட்டேன். இனி மீதியை எழுதிவிடலாம்.

நீ எப்போதும் கைமுட்டியைக் கன்னத்தில் தேய்த்து வாயில் வைப்பாய். பன்னிரண்டாம் நாள் உன் மோதிரம் வெளுத்திருந்தது. மாமியார் அதைப் பார்த்த மாத்திரத்தில் உன்னை என் மடியிலிருந்து எடுத்தார். சத்தம் போடவில்லை. உன் அப்பாவிடம் மெதுவாக, "புள்ளைய இவகிட்டக் குடுக்காத. இது இப்பம் நம்ம வீட்டுப் பொண்ணு இல்ல" என்றார். என்னைப் பின்கட்டு அறையில் இருக்கச் சொன்னார்கள். பால் கொடுக்க மட்டும் உன்னைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் வாங்கிக்கொண்டு போனார்கள். உன் அப்பா வாசற்படியில் நின்று என்னைப் பார்ப்பார், உள்ளே வரமாட்டார். ஆறு நாள் அப்படி. நீ அழுதால் சுவரில் காதை வைத்துக் கேட்பேன். ஒருநாள் நீ அழவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் உன் தாத்தா வந்தார். துண்டிலிருந்து சங்கிலியை எடுத்து மாமியார் கையில் வைத்தார். மஞ்சள் மஞ்சளாக, கல்யாணத்தன்று இருந்தது போல இருந்தது. அந்த அவமானத்தில் அவர் இரண்டு மாதம் அதைத் திறந்தே பார்க்கவில்லையாம். பிறகு மனம் பொறுக்காமல், தங்கம் சுத்தம் என்று எழுதி வாங்கவாவது செய்யலாமென்று அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். ஆசாரி விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, கொல்லையில் காற்றுப் பக்கம் பார்த்து உட்கார்ந்து நெருப்பில் காட்டியிருக்கிறார். வெள்ளை புகையாகப் போய்ப் பொன் பொன்னாகிவிட்டது.

"பாதரசம் பட்டாத்தான் பொன் இப்பிடி வெளுக்கும்னு சொல்லுதாரு, மயினி" என்று மாமியாரிடம் சொன்னார். அப்புறம் பின்கட்டுக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்தார். "தங்கத்துல கொறையில்லம்மா. உன் மேல என்னமோ இருக்கு. நீ என்னத்தத் தொடுத, அப்பாகிட்டச் சொல்லு."

பேயைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு வாய் திறந்தது என்று நினைக்கிறேன். எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தேன். அந்த அரிசியைத்தான் அத்தனை மாதமும் வீடே உண்டது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மா கேட்டபோதுதான் உறைத்தது. அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை, என்னென்ன சேர்ந்தது என்று ஒரு வரி இல்லை. என் சிறுநீரைச் சோதித்ததும் அவர் முகம் மாறியது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. நடுக்கம், மறதி, கூச்சம், அழுகை எல்லாவற்றையும் நான் சொல்லாமலே அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதரசம் நரம்பில் ஏறினால் இப்படித்தான் என்றார். எனக்குள் ஒருத்தி குடியிருக்கவில்லை என்பதை வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சொல்லிக் கேட்ட அன்று, நிம்மதி வருவதற்கு முன்னால் எனக்கு வெட்கம்தான் வந்தது.

மதுரைக்கு அனுப்பினார்கள். உன் இரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் இருந்தது, குறைவாக. கொஞ்ச நாள் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி, மறுபடி சோதித்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். தலையணை உறை, துண்டு, பாய், அரிசி எல்லாம் குப்பைக்குப் போனது. எனக்குத் தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மதுரையிலிருந்து திரும்பி வந்த அன்று மாமியார் பீரோவின் வேட்டியை உருவி மடித்து வைத்தார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. உன்னைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "பசிக்கு அழுதான், பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு சாகும்வரை நான் உன்னைத் தூக்கும்போது அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

உன் அப்பா கோபத்தோடு கோமதியக்காவைத் தேடிக்கொண்டு போனார், போலீசில் கொடுக்கிறேன் என்று. சாயங்காலம் திரும்பி வந்து சொன்னார். அவள் ஒரு ஓட்டு வீட்டில் சுருண்டு கிடந்தாளாம். முகம் வீங்கி, வெளுத்து, இவரைக் கண்டதும் கூச்சப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். நாலு வருடமாகத் தானே பூசிக்கொண்டிருந்தவள். மூன்று பிள்ளை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. அது எதனால் என்று யாருக்குத் தெரியும். இவர் விவரத்தைச் சொன்னதும் அவள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, "இது தங்கந்தான் அண்ணாச்சி, எங்க அம்மை போட்டது. வெளுத்தா நல்லதுன்னுல்லா நெனச்சேன்" என்றாளாம். உன் அப்பா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிசானப் பருவத்து நெல் நடவு முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். அந்தச் சரக்கை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

நீ மூன்றரை வயது வரை பேசவில்லை, ஐயா. நம் வீட்டில் அதை, அமைதியான பிள்ளை என்று சொல்லிவிட்டோம். உனக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம். அந்தக் கிரீமால்தானா என்று நான் ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார்கள். பிறகு நீ பேசினாய், படித்தாய், இப்போது என்னைவிட வேகமாகப் பேசுகிறாய். ஆனாலும் நீ ஒரு சொல்லுக்காகத் தடுமாறும்போதெல்லாம் நான் அந்தப் பன்னிரண்டு நாளை எண்ணிப் பார்க்கிறேன்.

இப்போது நிவேதாவுக்கு வருகிறேன். அந்த டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்காதே. கேட்டு வாங்கு. அவளைப் பார்க்கும் டாக்டரிடம் இருவருமாகக் கொண்டுபோய், எத்தனை நாள் பூசினாள் என்பதை ஒளிக்காமல் சொல்லி, சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தால் சாமிக்கு ஒரு தேங்காய். மங்கு பிள்ளை உண்டானால் பலருக்கும் விழுவதுதான், பெரும்பாலும் பிறந்த சில மாதத்தில் தானே மங்கும், கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சட்டும். வெயில் பட்டால் கூடும் என்பதால் குடை பிடிக்கச் சொல்லு. வெயிலுக்கான கிரீம் வேண்டுமென்றால், இந்தச் சமயத்தில் எது ஆகும் என்று டாக்டரிடமே கேட்கட்டும். முகப்பருவுக்கென்று முன்பு ஏதாவது பூசிக்கொண்டிருந்தாளா என்று கேள். அவற்றில் சில கர்ப்பத்தில் ஆகவே ஆகாதாம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வெளுக்கிற மருந்தும், யாரோ பூசி நன்றாயிருந்தது என்கிற களிம்பும் வேண்டாம். வயிற்றுத் தோல் இழுத்து அரித்தால் வாசனையில்லாத சாதாரணக் களிம்போ தேங்காயெண்ணெயோ போதும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்காமல் அரித்தால் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதே, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. பிள்ளை பிறந்தபிறகும் இப்படியே. அவள் கன்னத்தில் எது இருக்கிறதோ அது அதன் கன்னத்துக்கும் வாய்க்கும் போகும். பிள்ளையின் நிறம் பிள்ளையுடையது, அதில் யாரும் கை வைக்க வேண்டாம், நானாகவே இருந்தாலும்.

இன்னொன்று, இது உனக்கு மட்டும். வளைகாப்பில் உன் சித்தி, நிவேதா ரொம்பக் கறுத்துட்டாளே என்றபோது நீ சிரித்தாய். விளையாட்டாகத்தான் சிரித்தாய். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஏழு வயதில் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடி வந்தாய். பேர் சூட்டிய அன்று எடுத்தது. வெள்ளை வெளேரென்று, வீங்கிய முகத்தோடு, காமிராவைப் பார்க்காமல் கூச்சத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஒருத்தி உன்னை மடியில் வைத்திருப்பாள். கழுத்தில் தாலி வெள்ளையாக இருக்கும். "இந்த அக்கா என்னைத் தூக்கி வெச்சிருக்காவளே, யாரும்மா?" என்று கேட்டாய். தூரத்துச் சொந்தம், செத்துப்போயிட்டாவ என்று சொன்னேன். நீ நம்பி, படத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு விளையாடப் போனாய்.

அந்தப் படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நிவேதாவிடம் காட்டு. அத்தைதான் இது என்று நீயே சொல்லு.

அம்மா